மஞ்சள் வில்லை

சனி மதியம் ஷிப்ட் முடிந்து
ஓசூரிலிருந்து அஞ்செட்டி பஸ்.
திம்மராஜ் வளைத்த மூங்கில் வில்
மேல்கம்பியில் தட்டிக்கொண்டே வந்தது;
கண்டக்டர் அதற்கும் லக்கேஜ் கிழித்தார்.

விடிகாலைக் கரடு. உண்ணிப் புதரோரம்
பட்டியை விட்டு என்றோ மலையேறிப்போன கிடாய்
முன்னங்கால்களைத் துரிஞ்சி மரத்தில் ஊன்றித்
தழை பறித்தது.
இருபது எட்டு.
எங்களை நோக்கிக் காற்று.

நாணைக் காதுவரை இழுத்தபோதுதான் தெரிந்தது
அதன் காதில் மஞ்சள் வில்லை,
வெயிலில் வெளுத்த நம்பர்.
என் கழுத்தில் கம்பெனி அட்டை;
கழற்றாமல் வந்திருக்கிறேன்,
நாண் அதன் கயிற்றில் உரசியது.

விட்டேன்.
அம்பு அடிமரத்தில் தைத்தது.
"கை நடுங்குச்சா?"
குளிரு என்றேன்.
கிடாய் எங்களைப் பார்த்துச் செருமிவிட்டு
மெல்ல மேலே ஏறியது,
வாயில் பாதித் தழையோடு.

அம்பைப் பிடுங்க அரைமணி ஆனது.
முனை மட்டும் உள்ளேயே நின்றுவிட்டது.