பகல் வெளிச்சத்தில் ஓர்னெல்லா

பதினோரு வருடம் ஒரே வார்டில் நைட் டியூட்டி.
அவள் கண் கறுப்பு என்றுதான் நினைத்திருந்தேன்.
டிராப்பனியில் படகேறும்போது வெயில் நேராக விழ
கருந்தேன் நிறம் என்று தெரிந்தது.
"என்ன பார்க்கிறாய்?"
"ஒன்றுமில்லை. காலர் மடங்கியிருக்கிறது."

மரெத்திமோவில் எங்கள் பெட்டிகளைக்
கைவண்டியில் தள்ளி வந்தாள் குரோச்சிஃபிஸ்ஸா,
அறை வாடகைக்கு விடுபவள்.
அக்டோபர் கடைசி. பாதி வீடு பூட்டு.
"கட்டில் ஒன்றா, ரெண்டா?" என்று அவள் கேட்ட தோரணைக்கு
நாங்கள் சிரித்த சிரிப்பில்
பூனை எழுந்து போனது.

முதல் நாளே சண்டை, அதையும் சொல்லிவிடுகிறேன்.
வரைபடம் என்னிடம், தண்ணீர் அவளிடம்.
கோட்டைக்குப் போகும் வழியில், ரோஸ்மேரிப் புதர் நடுவே,
ஆளுக்கொரு திசையைக் காட்டிக்கொண்டு நின்றோம்.
நோயாளி எதிரே ஒருநாளும் குரல் உயர்த்தாதவள்
ஒரு கழுதையின் எதிரே கத்தினாள்.
கழுதை ஒரு காதை மட்டும் திருப்பியது.

இரவு இரண்டு மணி.
பழக்க தோஷம், கண் தானாக விழித்துக்கொண்டது.
நான்காம் படுக்கைக்கு ஊசி போடும் நேரம்.
"தூங்கிட்டியா, லிவியா?"
"இந்நேரத்துக்கு என்றைக்குத் தூங்கியிருக்கிறேன்?"
இரவு உடைக்கு மேலே கம்பளிச் சட்டை மாட்டிக்கொண்டு
துறைக்கு இறங்கினோம்.

ஒரே ஒரு படகில் விளக்கு.
கணவாய் பிடித்துத் திரும்பிய கஸ்பாரே
கட்டைவிரலில் தூண்டில் முள்ளோடு உட்கார்ந்திருந்தார்,
ஆணியில் சட்டை மாட்டிக்கொண்டவர் மாதிரி அலுத்துப்போய்.
ஓர்னெல்லா என்னைப் பார்க்கவில்லை. கையை மட்டும் நீட்டினாள்.
அவர் பெட்டியிலிருந்த குறடைத் துடைத்து வைத்தேன்,
அவள் கேட்பதற்கு முன்னால், எப்போதும் போல.

முள்ளைப் பின்னால் இழுக்கவில்லை.
முன்னால் தள்ளி, எதிர்நுனி தோலைக் கிழித்து வெளிவந்ததும்
நறுக்கி, மீதியை உருவினாள்.
கஸ்பாரே தன் மாமியாரைத் திட்டினார்.
"அவள் என்ன செய்தாள் பாவம்?"
"முள் வாங்கித் தந்ததே அவள்தான்."

கூலி: இரண்டு கணவாய்.

மூன்றரை மணிக்கு, குரோச்சிஃபிஸ்ஸாவின் சமையலறையில்,
முழங்கைவரை மையோடு, முதுகைக் காட்டியபடியே சொன்னாள்.
"ஒன்றாம் தேதியிலிருந்து பகல் ஷிப்ட்.
கேட்டு வாங்கிவிட்டேன். உடம்பு தாங்கவில்லை."
நான் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன்.
உரித்த பல்லையே எடுத்துத்
திரும்ப உரித்தேன்.
"எண்ணெய் காய்ந்துவிட்டது" என்றேன்.

மூன்றாம் நாள் தெற்கிலிருந்து சிரோக்கோ.
டிக்கெட் ஜன்னலில் ஒரு தாள்: இன்று படகு இல்லை.
தலைமை நர்ஸ் திட்ஸியானா நம்பவில்லை.
ஓர்னெல்லா போனைக் காற்றுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.
காற்றே பேசி லீவு வாங்கித் தந்தது.

மலை மறைத்த பக்கம் தண்ணீர் எண்ணெய் மாதிரி கிடந்தது.
நீந்தினோம். அவள் வயிற்றில் ஒரு பழைய தையல்,
என்னைக் கேட்டிருந்தால் இன்னும் ஒழுங்காகப் போட்டிருப்பேன்.
பிறகு சூடான பாறையில், நண்பகலில், வாயைத் திறந்துகொண்டு
ஓர்னெல்லா தூங்கினாள்.
எத்தனை பேர் தூங்குவதைச் சேர்ந்து பார்த்திருக்கிறோம்;
இவளை இப்போதுதான் பார்க்கிறேன்.
மூச்சை எண்ணினேன். நிமிடத்துக்குப் பதினான்கு.
நிழல் நகர நகர என் தொப்பியையும்
நகர்த்தி வைத்தேன்.

இனி காலை ஏழு மணிக்கு, வாசலில்,
நான் வெளியே, அவள் உள்ளே.
இரண்டு நிமிடம், மூன்று. மழை நாளில் அதுவும் இல்லை.

திரும்பும் படகில், கரை தெரிகிற நேரம்,
கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கேட்டாள்.
"அன்றைக்கு என்ன பார்த்தாய்?"
"சொன்னேனே. காலர்."
"காலரே இல்லாத பனியன் போட்டிருந்தேன்" என்றாள்.