சல்லடை ஒத்திகை

பெங்களூர் ஆஸ்பத்திரியில் காட்டினார்கள்:
வெந்நீரில் போட்ட வெள்ளைத் தகடு
நனைந்த அப்பளம்போல் துவண்டது.
முகத்தில் படியவைத்தால்
மூக்கையும் தாடையையும் வாங்கிக்கொண்டு
இறுகிவிடுமாம்.
"தலை இம்மி நகரக் கூடாது.
வீட்டிலேயே பழக்குங்க.
படிஞ்சுட்டான்னா மயக்க ஊசி வேணாம்."

சூளகிரியில் எங்கள் வீட்டில்
கேழ்வரகு மாவு சலிக்கிற சல்லடை இருந்தது.
கவிழ்த்து, ரத்னாவின் துப்பட்டாவால்
தலையணையோடு சேர்த்துக் கட்டினோம்.
திம்முவுக்கு ஆறு வயது.
முதல் நாள் நாற்பது விநாடி.
மூன்றாம் நாள்
மாவுத்தூசியில் ஒரு தும்மல் போக
நான்கு நிமிடம்.

மூச்சு விடலாமா?
விடலாம்.
கண்ணு?
மூடிக்கோ. மூடின கண்ணுக்குள்ள
சில பேருக்கு நீலமா வெளிச்சம் தெரியுமாம்.
பிளீச்சிங் பவுடர் வாசனை வருமாம்.
பஞ்சாயத்து டேங்க்ல கொட்டுறாங்களே, அதுவா?
அதேதான்.
அது அவனுக்குப் பிடித்திருந்தது.

அப்ப நீ எங்க இருப்ப?

ஜல்லி குவாரியில் துளை போடுகிறவன் நான்.
தெரிந்ததைத்தானே சொல்ல முடியும்.
வெடிக்கு முன்னால் சங்கு ஊதும்,
சிவப்புக் கொடி ஏறும்,
மேஸ்திரியிலிருந்து டீ கொண்டுவருகிறவர் வரை
எல்லாரும் தூரப் போய்விடுவோம்.
முடிந்ததும் ஓடி வருவோம்.
இதுவும் அப்படித்தான்டா.

சல்லடைக்குள் யோசித்தான்.
"எல்லாரும் போயிடுவீங்க.
கல்லு மட்டும் அங்கேயே இருக்குமா?"

ரத்னா களி கிண்டுவதை நிறுத்தினாள்.

இல்லடா, அங்க வெடியெல்லாம் இல்ல,
மெஷின் கொஞ்சம் உறுமும், அவ்வளவுதான்,
கேமரா இருக்கும், வெளிய டிவியில
உன்னையே பாத்துக்கிட்டிருப்போம்,
மைக்குல பேசுவோம் என்று
என்னென்னவோ சொன்னேன்.
கட்டை அவிழ்க்கச் சொன்னான்.
"இப்ப நீ படு."

துப்பட்டாவை என்னைவிட இறுக்கிக் கட்டினான்.
அம்மாவை வெளியே இழுத்துக்கொண்டு போனான்.
கதவு சாத்தியது.
வெளித் தாழ்ப்பாள் விழுந்தது.

அடுப்பில் களி அடிபிடிக்கிற வாசனை.
ஹைவேயில் லாரிகள்.
மூக்கு நுனியில்
எறும்போ வியர்வையோ ஒன்று.
பதினோரு வருஷமாகத் துளை போடுகிறேன்.
சங்கு ஓய்ந்த பிறகு
பாறைப் பக்கம் எப்படி இருக்கும் என்று
ஒருநாளும் நினைத்ததில்லை.

ஜன்னல் கம்பிக்கு நடுவே
பாதி முகம்.
"அசையாத. நான் பாத்துக்கிட்டேதான் இருக்கேன்."

அந்தக் குரலைக் கேட்டதும்
என் தொண்டை ஏறி இறங்கிவிட்டது.

"போச்சு.
முதல்லேர்ந்து."