சூடு

பதினொன்று நாற்பதுக்கு அழைப்பு.
உயிர் போனது ஒன்பதே காலுக்கு என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.
ஆறு மணி நேரத்தில் கழித்துப் பார்த்தேன்:
மீதி மூன்றரை, கொஞ்சம் கூட.
மின்விசிறியை நிறுத்துங்கள்,
இமையை மூடி ஈரப் பஞ்சு வையுங்கள்,
தலைக்கு இரண்டு தலையணை கொடுங்கள்
என்று சொல்லிக்கொண்டே
டப்பாவில் ஐஸைக் கொட்டினேன்.

பள்ளிப்பட்டைத் தாண்டியதும்
கடைப் பலகைகள் வட்டெழுத்துக்கு மாறின என்றான்
டிரைவர் மதியரசு, வேலைக்கு வந்து நாலாம் நாள்.
தெலுங்குடா அது என்றேன்.
நகரி மலை மட்டும் இருட்டில்
எந்தப் பக்கம் போனாலும் அதே மூக்கு.

வெங்கடாத்ரி, அறுபத்து மூன்று.
சர்க்கரை ஆலை எடை மேடையில்
இருபத்தாறு அரவைப் பருவம்
முள் நின்ற இடத்தை வாசித்தவர்.
படிவம் தமிழில் இருந்தது.
கையெழுத்துப் போட வேண்டியவளுக்குத்
தமிழ் காதோடு சரி.

மைத்துனர் குறுக்கே வந்தார்:
"கண்ணு எந்த ஸ்டேட்டுக்குப் போகும்?"
தெரியாது என்றேன்.
"நம்ம ஆளுக்கா, அவங்க ஆளுக்கா?"
அணையில் எத்தனை மதகு திறப்பார்கள்
என்று கேட்கிற குரல்.
என்னிடம் பதில் இல்லை, கடிகாரம் இருந்தது.

நாகரத்னம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.
"சூடு" என்றாள்.
சுடுதண்ணி கேக்கறாங்க போல, என்றான் மதியரசு.
நான் அவர் நெற்றியைத் தொட்டேன்.
ஆமாம், கொஞ்சம் மிச்சம் இருந்தது.
அவள் தலையை ஆட்டினாள், அதில்லை.
பஞ்சை எடுத்தாள், இமையை அவளே விலக்கினாள்.
"சூடு, சூடு."
அப்போதுதான் உறைத்தது.
அவள் மொழியில் அது
பார்.

எத்தனையோ கண்களை எடுத்திருக்கிறேன்.
எடுக்கும் முன் பார் என்று
யாரும் என்னை நிற்க வைத்ததில்லை.
பார்த்தேன்.
பழுப்பு. இடது கண்ணில் ஓர் ஓரமாக
கரும்புச் சோகைத் தூசு போல ஒரு புள்ளி.
போதுமா என்று அவளைப் பார்த்தேன்.
இன்னும் கொஞ்சம் என்பதாக நின்றாள்.
பிறகு கையெழுத்துப் போட்டாள்.

கதவைச் சாத்தி இருபது நிமிடம்.
ரத்தம் ஒரு குப்பி,
இளஞ்சிவப்புத் திரவத்தில் இரண்டு சின்னப் புட்டிகள்,
மேலே பேர் இல்லை, எண்.
இமைகளுக்கு அடியில் பிளாஸ்டிக் மூடிகளை வைத்தேன்,
குழி விழக் கூடாது.
மைத்துனர் குனிந்து பார்த்து
"எடுத்தீங்களா இல்லையா?" என்றார்.

சோதனைச் சாவடியில் டார்ச் அடித்தார்கள்.
அரிசியா, பாட்டிலா?
பெட்டியில் என்ன என்றார் ஏட்டு.
கண், என்றேன்.
"எத்தனை?"
இரண்டு.
நோட்டில் வண்டி எண்ணை எழுதினார்.
சரக்கு என்ற கட்டத்தில் பேனா கொஞ்சம் நின்றது,
காலியாகவே விட்டுவிட்டுக்
கம்பத்தைத் தூக்கினார்.

திருத்தணியில் முதல் ரயில்.
மடியில் பெட்டி, அரக்கோணம் வரை நின்றபடி தூங்கும் சனம்.

மறுநாள் எண்ணிச் சொன்னார்கள்.
இடது கண் இரண்டாயிரத்து எழுநூறு, தேறும்.
வலது ஆயிரத்து நானூறு, தேறாது,
எப்போதோ புரை எடுத்த கண்.
பயிற்சி மேசைக்குப் போனது.

பதினோராம் நாள் போன்.
"எவரைனா சூஸ்துன்னாரா?"
யாராவது பார்க்கிறார்களா.
யார் என்று சொல்லக் கூடாது என்பது விதி.
அந்த விதிக்குள் மறுகண்ணையும்
சுருட்டி வைத்துவிட்டிருக்கலாம்.
"ஒண்ணு பார்க்குதும்மா" என்றேன்.
இன்னொன்று?
என் அரைகுறைத் தெலுங்கில்,
அதை வைத்து ஒரு டாக்டர் பையன்
தையல் போடப் பழகுகிறான் என்றேன்.

அந்தப் பக்கம் தறிச் சத்தம் மட்டும்.
கட் ஆகிவிட்டது என்று நினைத்தேன்.
"புதுசா வர்ற பசங்களை
அவரும் முதல்ல காலி வண்டியிலதான்
முள்ளு பார்க்கப் பழக்குவாரு" என்றாள்,
தமிழில்.

அப்புறம் சொன்னாள்:
உங்க சர்ட்டிபிகேட்டுல அவர் பேருக்கு
முன்னாடி ஒரு கொம்பு விட்டுப்போச்சாம்,
பிள்ளை படிச்சுட்டுச் சொன்னான்,
போட்டு அனுப்பு.

எடுத்துப் பார்த்தேன்.
வங்கடாத்ரி என்றுதான் இருந்தது.
போட்டேன்.