ஆறாவது சோடி

கிண்ணியா. சோளகம் ஓய்ந்த காலை.
றிஸ்மியாவின் ரோசாச் செடியில்
இலைவிளிம்பைச் சுற்றிப் பன்னிரண்டு புழுக்கள்.
தொட்டால் வால் நிமிர்த்திக்
கேள்விக்குறியாகின்றன, எல்லாம் ஒரே நேரத்தில்.

"வண்ணாத்திக் குஞ்சு" என்றாள், கையில் மருந்துப் போத்தல்.
பொறுங்க, கால் எண்ணுவோம்.
மார்புக் காலை விட்டுப் பொய்க்கால்
நாலு, ஐந்து...
வண்ணாத்தி இதோடு நின்றுவிடும்.
ஆறாவது சோடியும் இருக்கிறது.
கன்னத்துக்கு ஒற்றைக் கண்.
வாள் ஈ.

தண்டிலே நெடுக ஒரு கீறல்,
தையல் பிரிந்த சட்டைக்கை போல.
கொட்டத் தெரியாத தாய்
வயிற்று வாளால் அறுத்து முட்டை புதைத்த இடம்.

எந்த இனம்?
என் புத்தகத்தில் உள்ளதற்கு வயிறு மஞ்சள்.
இதற்கு, கொட்டியாரக் குடா இருளும் நேரத்து நீலம்.
ஆண் கிடைத்தால் தீர்த்துவிடலாம்.

ஜாம் போத்தலில் மணல் போட்டு வளர்த்தேன்.
வலைக்குள் வலையாய்க் கூடு.
பதினோராம் நாள் வந்தவை
இடுப்பில்லா உடம்பு, கட்டைக் கொம்பு,
ஒன்பதும் பெண்.
ஆணையே காணாத ஒன்று
அன்று மாலையே
போத்தலுக்குள் நட்ட குச்சியை அறுக்கத் தொடங்கிற்று.

குறிப்பேட்டில் பெயருக்குரிய இடத்தில் ஒரு கோடு.
றிஸ்மியா மருந்தடித்தாள்,
ஒரு கிளையை விட்டுவிட்டு.
"உங்கட ஆம்புள வந்தா வரட்டும்."