ஆறு பக்கத்துக்குக் காசு

ஆறு பக்கத்துக்குத்தான் காசு என்றார் மரைக்காயர்.
முகப்பு, எங்களைப் பற்றி, சேவைகள், கட்டணம்,
பெட்டி எங்கே இருக்கிறது, தொடர்புக்கு.
ஷார்ஜா ரோலாவில் சலவைக்கடைக்கு மேலே கார்கோ ஆபீஸ்,
ஏசி ஒழுகும் மூலையில் ஒரு நீல வாளி,
கண்ணாடிச் சுவரில் நான் ஒட்டிய மஞ்சள் சீட்டுகள்.
ஆகஸ்ட் ஈரத்தில் பசை விட்டுப்போய்
மதியத்துக்குள் 'எங்களைப் பற்றி'
வாளிக்குள் கிடந்தது.
பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை.

தளம் கட்டுமுன்
போன் எடுப்பவர் பக்கத்தில் போய் உட்கார்வது என் பழக்கம்.
முதலாளிக்குக் கம்பெனியைத்தான் தெரியும்.

தேவசகாயம், கருங்கல்காரர்,
பதினாறு வருடமாக வந்த கேள்விகளை
நீள நோட்டில் குறித்து வைத்திருக்கிறார்.
எதற்கு என்றேன்.
"திரும்பக் கேப்பாங்கல்லா."

கம்பளி கிலோ எவ்வளவு.
டிவி பெட்டிக்குள்ளே மிக்ஸி வைக்கலாமா.
பொங்கலுக்குள் வருமா, வராதென்றால் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.
தைலம் உடைந்தால் யார் பொறுப்பு.
வீட்டு நம்பர் கிடையாது, கோயிலுக்கு எதிரே பச்சைக் கேட், போதுமா.

கம்பளி கட்டணத்தின் கீழ்.
பச்சைக் கேட் தொடர்புக்கு.
பொங்கல் மட்டும் இரண்டு இடத்தில் பொருந்தியது,
இரண்டிலும் ஒட்டி நடுவே நூல் கட்டினேன்.

பிறகு அவர் நோட்டைத் தலைகீழாகத் திருப்பினார்.
பின்னட்டையிலிருந்து தொடங்கும் வேறொரு பட்டியல்.
மாதம் மூன்று, சில மாதம் ஐந்து.
ஆள் பெயர் இல்லை.
தேதி, கேம்ப், ஊர்.

இதை எதன் கீழே வைப்பது?
சேவைகள் என்றால் ஃப்ரிட்ஜுக்கும் கட்டிலுக்கும் நடுவில் வரும்.
கட்டணத்தில் எல்லாமே கிலோக் கணக்கு.
மூன்று சொடுக்கில் எதுவும் கிடைக்கவேண்டும்
என்பது எங்கள் தொழில் விதி.
ஆஸ்பத்திரி வராந்தாவில்
ஒன்பது சதவீத சார்ஜோடு நிற்பவனுக்கு
மூன்று அதிகம்.

அப்புறம் பெயர்.
சடலம் போலீஸ் சொல்.
பூதவுடல் சுவரொட்டிச் சொல்.
மய்யித் என்றால் பாதிப் பேருக்குப் புரியாது,
பிரேதம் என்று எழுத எனக்கே கை வரவில்லை.
கோடு எழுதும் பினோய் 'பாடி' என்றான்,
எல்லோரும் அதைத்தான் தட்டித் தேடுகிறார்கள் என்று
எண்ணிக்கையோடு காட்டினான்.
அவன் சொன்னது சரி. அதுதான் எரிச்சலாக இருந்தது.

போனில் என்ன சொல்வார்கள் என்று கேட்டேன்.
தேவசகாயம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"இதுல ஒண்ணையும் சொல்லமாட்டாங்க.
தம்பிய ஊருக்கு அனுப்பணும்பாங்க.
மொதத் தடவ எந்தத் தேதிக்கு டிக்கெட் வேணும்னு
கேட்டுட்டேன்."

'ஒருவரை ஊருக்கு அனுப்ப.'
முகப்பிலேயே, பட்டியலுக்கு வெளியே.
பினோயின் சொல்லைத் தேடுபொறிக்கு மட்டும் தெரியும்படி
உள்ளே மறைத்து வைத்தோம்.
மேலே போன் நம்பர், பெரிதாக.
அப்புறம் என்னென்ன காகிதம், எதற்குப் பின் எது,
எந்தக் கவுண்டர் வெள்ளிக்கிழமை மூடியிருக்கும்.
படம் வைக்கவில்லை, விமானம்கூட.
'இப்போதே பதிவு செய்க' பொத்தான்
எல்லாப் பக்கத்திலும் தானாக வந்து உட்காரும்.
இதில் மட்டும் வராமலிருக்க
பினோய் ஒரு ராத்திரி முழித்தான்.
ஏழாவது பக்கத்துக்கு நாங்கள் பில் போடவில்லை,
மரைக்காயரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

ஒரு மாதம் கழித்துக் கணக்குப் பார்த்தோம்.
கம்பளிக்கு இரண்டாயிரத்துச் சொச்சம் பேர்.
மிக்ஸிக்கு நானூறு.
'எங்களைப் பற்றி'க்குத் தினம் ஒருவர்,
அது மரைக்காயர்.
ஏழாவதுக்கு நான்கு பேர்.
மூன்று பேர் ஒரு நிமிடத்துக்குள் நம்பரைத் தொட்டுவிட்டார்கள்.
இன்னொருவர், அதிகாலை இரண்டே காலுக்கு, அஜ்மானிலிருந்து,
நாற்பது நிமிடம் அந்தப் பக்கத்திலேயே இருந்திருக்கிறார்.

அதில் மொத்தம் பதினோரு வரி.