ஒன்பதாம் கட்டம்

மண்முனைத்துறையில் பாதை வரச் சுணங்கிய காலை.
கண்காணிப்புக் குழுவின் வெள்ளை ஜீப்புக்குள்
நானும் தூரேயும்.
அது அவனுடைய பெயர்.
பின்லாந்துக்காரனுக்கு இப்படியொரு பெயரா என்று
பொருள் சொல்லிச் சிரித்தேன்.
வாவியின் அக்கரையைக் காட்டி
'அதுவும் நானா?' என்று கேட்டான்.

கிழமை நாளில் பட்டிருப்பில் பத்தாம் வகுப்புக்குக் கணிதம்,
சனி ஞாயிறு இவர்களுக்கு மொழிபெயர்ப்பு.
இரண்டிலும் என் வேலை ஒன்றுதான்:
இடப்பக்கம் இருப்பதை
வலப்பக்கம் கொண்டுபோகும்போது
குறியை மாற்றுவது.

முதலைக்குடாவில் பூரணிப்பிள்ளை
வளவுக்குள் மூன்று கதிரை போட்டு வைத்திருந்தா.
ஒன்றுக்குக் கால் ஆடும். அதில் நான்.
படிவத்தின் எட்டுக் கட்டங்களும் சுகமாய்ப் போயின.
மகன் நவரூபன். பத்தொன்பது.
தோணிக்குப் போன நேரம், போட்டிருந்த சாரத்தின் நிறம்,
கூடப் போன ஆள் இல்லை.
ஒன்பதாவது:
பிடிபட்ட இடத்துக்கும் காவலரணுக்கும் இடைத்தூரம், மீற்றரில்.

'கூப்பிடு தூரந்தான் புள்ள.'

இதை எந்த எண்ணில் வைப்பேன்.
யார் கூப்பிட்டது, எந்தக் காற்றில்,
கச்சானா வாடையா,
கூப்பிட்ட தொண்டைக்கு எத்தனை வயது.
நூறு என்றும் சொல்லலாம்
முந்நூறு என்றும்.

தூரே பேனையை மூடினான்.
'எங்களிடமும் இருந்தது,
நாய் குரைப்பது கேட்கும் மட்டும் ஓர் அளவு.
பிறகு அரசாங்கம் வந்து
நாயைக் கட்டிவிட்டுக் கோலைக் கொடுத்தது.'

அவ சொல்லிக்கொண்டே போனா:
'ஏழு காம்புக்குப் போனன்
எட்டு வாசல்ல நிண்டன்.'
ஏழா எட்டா என்று நான் கேட்டேன்.
கணக்கில் கோட்டை விட்ட பிள்ளையை
நான் வகுப்பில் பார்ப்பது போல
என்னைப் பார்த்தா.

தூரேக்கு விளங்கியிருந்தது.
அவர்களின் பழம்பாட்டில் வரிக்கு எட்டு அசையாம்.
ஒருத்தன் ஏழு என்று பாட
எதிரே இருப்பவன் அதையே எட்டு என்று பாடுவானாம்.
'எண் கூடும், சங்கதி கூடாது.
ஒன்பதுக்கு வந்துவிட்டால்
எண்ணுவதைக் கைவிட்டார்கள் என்று வைத்துக்கொள்.'
அவன் அப்படித்தான் சொன்னான்.
நான் அந்தப் பாட்டெதுவும் கேட்டதில்லை.

தோணி மட்டும் கிடந்ததாம், கண்ணாப் பற்றைக்குள்.
அங்கே தண்ணீர் எவ்வளவு?
'ஒரு பாகம்' என்று
இரண்டு கையையும் விரித்தா.

தூரே எழும்பிவிட்டான்.
தானும் கையை விரித்து
'சூலி' என்றான்.

எனக்குத் திக்கென்றது.
வயிற்றுப்பிள்ளைக்காரியை அல்லவா அப்படிச் சொல்வோம்.
இல்லை, இல்லை,
விரல் நுனியிலிருந்து விரல் நுனி மட்டும்
அவன் மொழியில் அதற்குப் பெயர் அது.
மடிக்கும் அதே சொல்.
கட்டிப்பிடிப்பதற்கும்.
பிள்ளையைத் தூக்கினால் பிள்ளை இருக்கும் இடத்துக்கும்.

அத்தனையையும் பூரணிப்பிள்ளைக்குச் சொன்னேன்.
அன்று ஒருதரம்
குறி எதையும் மாற்றாமல்.

விரித்த கை விரித்தபடி
கொஞ்சநேரம் கேட்டுக்கொண்டு நின்றா.
ஒரு பெட்டைக்கோழி அவவின் நிழலுக்குள் வந்து
கிளறிப் பார்த்துவிட்டுப் போனது.
'அளவு சரிதான்' என்றா.

திரும்பும்போது பாதையில்
ஒரு மாட்டு வண்டில், நாலு சைக்கிள்,
ஐஸ் பெட்டியோடு ஒரு மீன் வியாபாரி.
நாங்கள் பேசவில்லை.

மூன்று கிழமைக்குப் பிறகு கொழும்பிலிருந்து அழைப்பு.
தூரே விடுமுறையில் போயிருந்தான்.
மறுமுனையில் தமிழ் தெரிந்த ஒரு பிள்ளை, மரியாதையான குரல்.
ஒன்பதாம் கட்டத்தில் இலக்கம் இல்லையாம்,
பென்சிலால் ஒரு சொல்தான் கிடக்கிறதாம்,
நாலு எழுத்து.
'அது என்ன மிஸ்?'
அளவு, என்றேன்.
'எத்தனை மீற்றர்?'
ஆளைப் பொறுத்தது.

விசைப்பலகைச் சத்தம் கேட்டது.
நின்றது. திரும்பக் கேட்டது.
'கொம்பியூட்டர் சொல்லை எடுக்குதில்ல மிஸ்.
பூச்சியம் எண்டு போடுறன்.'