பேர் அழிந்த முப்பத்தெட்டு

மருந்துக்கடைக்காரன் என்பதால்
பேர் எழுதும் வேலையை
என் தலையில் கட்டினார்கள்.

அனுப்பானடி ஹவுசிங் போர்டு பூங்காவில்
சறுக்குமரம் துருப்பிடித்த மூலையில்
முப்பத்தெட்டுக் குழி.
கடம்பு, மருது, இலுப்பை, விளா,
ஆத்தி, வெப்பாலை, குமிழ், உசில் என்று
மாத்திரை உறையில் எழுதுகிற மாதிரி
குச்சிக்கு ஒரு அட்டை எழுதிக் கட்டினேன்.
காலை ஒரு குடம், மாலை ஒரு குடம்.
சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியா என்று
ஜோதிமுருகன் கேட்டுவிட்டு
அவரே சிரித்துக்கொண்டார்.

ஐப்பசியின் முதல் மழையிலேயே
மை கரைந்து ஓடிவிட்டது.
அழியாது என்று மார்க்கரின் மேலேயே
எழுதியிருந்தது.
நான் விற்கிற சரக்குதான்.
மறுநாள் காலை முப்பத்தெட்டு வெள்ளை அட்டைகள்
ஒன்றும் சொல்லாமல் ஆடிக்கொண்டிருந்தன.
வரைபடம் போட்ட தாளை
யாரோ வடை மடிக்க எடுத்துப் போயிருந்தார்கள்.
செல்போனில் படம் பிடித்துக் கேட்டால்
ஒரே இலைக்கு
காலையில் ஒரு பேர் சொன்னது
மாலையில் ஒரு பேர்.

சரி, அதுகளே சொல்லட்டும் என்று விட்டோம்.
பேர் தெரியாதவற்றுக்கு
ஒரே அளவாகத்தான் ஊற்ற முடியும்.

மாசியில் சண்டை வந்தது.
நடுவில் நிற்கும் தூங்குமூஞ்சியை
வெட்டச் சொல்லி மனு.
நாட்டு மரம் வைக்கிற இடத்துல
இந்த வெளிநாட்டுக்காரன் எதுக்கு சார் என்று
ஜோதிமுருகன் வீடு வீடாய்க் கையெழுத்து வாங்கினார்.
மூன்றாம் பிளாக் ருக்மாங்கதன்
கண்ணாடி போட்டு முழுக்கப் படித்தார்.
கழற்றினார்.
உள்பக்கம் திரும்பி
சௌராஷ்டிரத்தில் ஏதோ கேட்டார்.
உள்ளேயிருந்து பெரிய சிரிப்பு.
"ஒண்ணுமில்ல சார்,
நாம வந்து எத்தனை வருஷம் இருக்கும்னு
வீட்ல கேட்டேன்.
அவளுக்கும் கணக்குத் தெரியல."
மூடியைப் போட்டுப்
பேனாவைத் திருப்பித் தந்தார்.

அதன் பிறகு மனு
என் கடை மேசைக் கண்ணாடிக்கு அடியில் கிடந்தது.

சித்திரையில்
ஊரே ஆற்றுக்குப் போன வாரம்
தண்ணீர் லாரி வரவில்லை.
திரும்பி வந்து எண்ணினோம்.
வெட்டவெளியில் வைத்த பதினேழில்
மிஞ்சியது மூன்று.
ஒன்றை ஆடு தின்றது,
ஒன்றைப் பந்து பொறுக்கப் போன கால் மிதித்தது,
மற்றதெல்லாம் வெயில்.
தூங்குமூஞ்சியின் நிழல் வட்டத்துக்குள்
இருபத்தொன்றில் பத்தொன்பது.
நான் இன்னொரு தடவை எண்ணினேன்.
ஜோதிமுருகன் என்னைப் பார்க்காமல்
ரப்பர் குழாயின் முறுக்கைப்
பிரித்துக்கொண்டேயிருந்தார்.

பூங்கா கூட்டும் ஒச்சம்மாளுக்கு
உசிலம்பட்டிப் பக்கம்.
ஆவணியில் ஒரு நாள்
விளக்குமாற்றைச் சாய்த்துவிட்டு
முழங்கால் உயரச் செடியில் நாலு கீற்று உருவி
குழாயடியில் கை நனைத்துத் தேய்த்தாள்.
நுரை வந்தது.
"அரப்பு. இது உசிலு."
கையை அலசிக்கொண்டு போய்விட்டாள்.
அவளுக்கு அது ஒரு சேதியே இல்லை.
நான் கடைக்கு ஓடி
மார்க்கரை எடுத்துக்கொண்டு வந்தேன்.
அட்டை முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன்.
எழுதவில்லை.

பையன்கள் அதற்குள்
சட்டம் போட்டுவிட்டார்கள்:
உசில் கூண்டில் பந்து பட்டால் ரெண்டு ரன்,
உள்ளே விழுந்தால் அவுட்,
கையை விட்டு எடுக்கிறவன்
ஒரு குடம் ஊற்ற வேண்டும்.

நேற்று பூட்டுகிற நேரத்துக்குப் போனேன்.
மேலே பெரியது
வழக்கம்போல் இலையை மடித்துக்கொண்டிருந்தது.
குனிந்தால்
உசிலும் மடித்துக்கொண்டிருக்கிறது.
அதே நேரம்.
அதே மடிப்பு.
ஒச்சம்மாளிடம் காட்டினேன்.
"சொந்தமா இருக்கும்" என்றாள்,
இடுப்பில் சாவியைத் தேடியபடி.

கடைக்கு வந்து
மனுவை வெளியே எடுத்து
அதன் முதுகில் எழுதி வைத்தேன்:

உசில், ஒன்று.
பேர் தெரியாதது, இருபத்தொன்று.